வாசிப்பு எங்கே அறுகிறது? கேள்வி பதில்

கேள்வி: முன்பு மாதம் நாலைந்து புத்தகம் முடிப்பேன். ஆறு மாதமாக ஒன்றுகூட முடியவில்லை. ரீடர்ஸ் பிளாக் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

அறுகிற இடத்தைக் கண்டுபிடிப்பதிலிருந்து. புத்தகத்தைக் கையில் எடுக்கவே மனம் வரவில்லையா, எடுத்த இரண்டாம் பக்கத்தில் கவனம் கலைகிறதா, நூறு பக்கம் தாண்டி நின்றுபோகிறதா? மூன்றும் வேறு வேறு கோளாறு, ஒரே வைத்தியம் எல்லாவற்றுக்கும் உதவாது.

ஒரு சின்னச் சோதனை: முன்பு ரசித்துப் படித்த புத்தகம் ஒன்றை எடுத்து, பிடித்த அத்தியாயத்திலிருந்து 15 நிமிடம் படியுங்கள். நேரம் போனது தெரியாமல் தொடர்ந்தால் உங்களிடம் குறையில்லை, சமீபத்தில் எடுத்த புத்தகங்கள்தான் பொருந்தவில்லை. மூன்றாம் நிமிடமே கை போனைத் தேடினால் கவனச் சிக்கல். எழுத்து கலங்கினாலோ நெற்றி வலித்தாலோ கண்ணைப் பார்க்க வேண்டும். எல்லாம் புரிந்தும் எதுவும் மனதில் ஒட்டவில்லை என்றால் உடம்போ மனசோ களைத்திருக்கிறது. அப்போது புத்தகத்தை மாற்றி மாற்றி எடுப்பதில் பயனில்லை.

கேள்வி: எனக்குப் போன்தான் பிரச்சினை. சைலன்ட்டில் போட்டாலும் கை தானாகப் போகிறது.

சைலன்ட் போதாது. போன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்வரை எடுக்காமல் இருப்பதே ஒரு வேலையாகிவிடும். அடுத்த அறையில் வையுங்கள். நேரம் பார்க்கத் தனியாக ஒரு கடிகாரம் வேண்டும், டைமருக்காகப் போனை எடுத்தால் கதை அங்கேயே முடிந்தது.

முதல் வாரம் தினமும் ஒரே வேளையில் 10 நிமிடம் மட்டும். மணி அடித்த பிறகும் தொடரத் தோன்றுகிற நாட்கள் கூடினால், அடுத்த வாரம் ஐந்து நிமிடம் ஏற்றலாம். எடுத்த எடுப்பில் ஒரு மணி நேரம் என்று உட்காருகிறவர்கள் பெரும்பாலும் நாலாம் நாள் விட்டுவிடுகிறார்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: “சொல்லுக்கு அர்த்தம் பார்க்கத்தான் எடுத்தேன்” என்று தொடங்கித்தான் பாதி வாசிப்பு கெடுகிறது. புத்தகத்துக்குள் ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் இருக்கட்டும். தெரியாத சொல், தேட நினைத்த ஊர், திடீரென்று நினைவுக்கு வந்த வீட்டு வேலை எல்லாம் அதில் ஏறட்டும். மணி அடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: நாள் முழுக்க மின்னஞ்சலும் அறிக்கையும் படிக்கிற வேலை. நாவலிலும் பத்தி பத்தியாகத் தாவுகிறேன். யார் என்ன சொன்னார்கள் என்றே நினைவில்லை.

திரையில் தகவல் தேடும் கண் வரிகளின் தொடக்கத்தை மட்டும் மேய்ந்துவிட்டுக் கீழே இறங்கப் பழகிவிடும். அறிக்கைக்கு அது சரி, கதைக்கு ஆகாது. ஒரு கெட்டி அட்டையை நடப்பு வரிக்குக் கீழே வைத்து, அடுத்த வரிகளை மறைத்துக்கொண்டு இறக்கிக்கொண்டே வாருங்கள். எரிச்சலாக இருக்கும், ஆனால் தாவ முடியாது. அதோடு முதல் இரண்டு பக்கத்தை உதடசைத்தோ வாய்விட்டோ படித்தால் வேகம் தானாகப் பேச்சு வேகத்துக்கு இறங்கும். பல வருடம் ஆங்கிலம் மட்டும் படித்துவிட்டுத் தமிழுக்குத் திரும்புகிறவர்களுக்கும் இதே வழிதான். நீளமாகச் சேர்ந்து வரும் சொற்களைக் கண் மறுபடி முழுசாகப் பிடிக்கக் கொஞ்ச நாள் ஆகும்.

கேள்வி: பாதியில் நிற்கிற புத்தகங்கள் ஆறு. அவற்றை முடிக்காமல் புதிதாக எடுக்கக் கூச்சமாக இருக்கிறது.

அந்தக் கூச்சம்தான் அடைப்பு. அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் ஒரு கணக்குச் சொன்னார்: 50 வயதுவரை ஒரு புத்தகத்துக்கு 50 பக்கம் வாய்ப்புக் கொடுங்கள், அதற்கு மேல் 100-இலிருந்து வயதைக் கழித்து வருகிற பக்கம் போதும். 62 வயதுக்காரருக்கு 38 பக்கம். நல்ல கணக்கு, ஒரு விலக்கோடு: மூன்று தலைமுறைக் கதைகளுக்கு 50 பக்கத்தில் தீர்ப்பெழுத முடியாது. ஆட்கள் அறிமுகமாகவே அவ்வளவு ஆகும்.

உங்கள் ஆறையும் வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றிலும் நிறுத்திய இடத்துக்கு முந்தைய இரண்டு பக்கத்தை மட்டும் படியுங்கள். அடுத்து என்ன என்று தெரிந்துகொள்ளத் தோன்றினால் மேசையில், இல்லையென்றால் அலமாரியில். மேசையில் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

அந்த இரண்டையும் ஆரம்பத்திலிருந்து மறுபடி படிக்காதீர்கள். ஏற்கெனவே தெரிந்த பகுதியில் சலித்துப்போய், நின்ற இடத்துக்கே வந்து மறுபடி நிற்பீர்கள். முதல் அத்தியாயத்தையும் கடைசியாகப் படித்த அத்தியாயத்தையும் படித்து, யார் யாருக்கு என்ன உறவு என்று பின்னட்டை உள்பக்கத்தில் பென்சிலால் நாலு வரி எழுதிக்கொண்டு தொடருங்கள்.

கேள்வி: வட்டார வழக்கில் எழுதிய நாவல்களில் பத்து பக்கம்கூடத் தாண்ட முடியவில்லை.

உரையாடல்களை மட்டும் சத்தமாகப் படியுங்கள். கண்ணுக்கு அந்நியமாகத் தெரிகிற பாதிச் சொற்கள் காதில் விழுந்ததும் புரிந்துவிடும், ஏனென்றால் அவை ஒலிப்படி எழுதப்பட்டவை. மீதியைச் சொல்லகராதியில் தேடாமல் விட்டுவிடுங்கள். ஒரே சொல் நாலைந்து இடத்தில் வரும்போது அதன் பொருள் தானாகத் தெளியும். முதல் 30 பக்கம் மெதுவாகத்தான் போகும், அது எல்லோருக்கும் உள்ளது.

கேள்வி: ரஷ்ய மொழிபெயர்ப்புகள்?

அங்கே தடுக்குவது பெயர்கள். ஒருவருக்கே இயற்பெயர், தந்தை பெயரிலிருந்து வரும் பெயர், குடும்பப் பெயர், போதாததற்குச் செல்லப்பெயரும் உண்டு. நாலு பேர் என்று நினைப்பது ஒரே ஆளாக இருக்கும். ஆளுக்கு ஒரு வரி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்படியும் வாக்கியங்கள் முரண்டு பிடித்தால் மொழிபெயர்ப்பே மோசமாக இருக்கலாம். வேறு பதிப்பில் அதே பக்கத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: வருடத்துக்கு 50 புத்தகம் என்று இலக்கு வைத்துப் பின்தங்கிவிட்டேன். பார்த்தாலே சோர்வு.

இலக்கை அழித்துவிடுங்கள். எண்ணிக்கைக்குப் பயந்து தடித்த புத்தகங்களை ஒதுக்க ஆரம்பிப்போம். அதற்குப் பதில் நேரத்தை எண்ணுங்கள். 10 நிமிடத்தில் எத்தனை பக்கம் போகிறீர்கள் என்று ஒருமுறை அளந்து வையுங்கள். எட்டுப் பக்கம் என்றால், தினம் 20 நிமிடத்தில் 240 பக்க நாவல் 15 நாளில் முடியும்.

கேள்வி: பிரமாதமான நாவல் ஒன்றை முடித்தேன். அதற்குப் பிறகு எதுவும் ஒட்டவில்லை.

அதே எழுத்தாளரின் இன்னொரு நாவலை உடனே எடுக்காதீர்கள், ஒப்பிட்டே கொன்றுவிடுவீர்கள். வடிவத்தை மாற்றுங்கள்: பயணக் கட்டுரை, கடிதங்கள், அறிவியல், எதுவானாலும் சரி. சிறுகதை என்றால் ஒரு நாளைக்கு ஒன்றுதான். தொகுப்பை நாவல் மாதிரி ஒரே மூச்சில் படித்தால் மூன்றாவது கதையிலேயே திகட்டும்.

கேள்வி: வயது 46. கண்ணாடி போட்டதில்லை. ராத்திரி படுக்கையில் இரண்டு பக்கத்தில் கண் சொக்குகிறது.

புத்தகத்தைத் தள்ளிப் பிடித்துப் படிக்கிறீர்களா? வெளிச்சம் குறைந்தால் இன்னும் சிரமமா? வெள்ளெழுத்தாக இருக்கலாம். நாற்பதுகளில் கண் வில்லையின் நெகிழ்வு குறைந்து, கிட்டத்து எழுத்து மங்கும். ‘படிக்கப் பிடிக்கவில்லை’ என்று பலர் சொல்வது உண்மையில் இதுதான். கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். விளக்கு தோளுக்குப் பின்னாலிருந்து பக்கத்தில் விழவேண்டும். படுக்கையில் படிப்பதைத் தூக்கத்துக்கு விட்டுவிட்டு, முக்கியமான வாசிப்பை நாற்காலிக்கும் வேறு வேளைக்கும் மாற்றுங்கள்.

கேள்வி: வீட்டில் ஒரு மரணம். இரண்டு மாதமாக ஒரு வரிகூட உள்ளே போகவில்லை.

இப்போது நாவலோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். கவிதை, சிறுவயதில் படித்த கதைகள், யாராவது வாசித்துக் கேட்பது என்று சின்ன அளவில் இருக்கட்டும். வாசிப்பு மட்டும் நின்றிருந்தால் காத்திருக்கலாம். சாப்பாடு, தூக்கம், பேச்சு எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, தூக்கம் வரவழைக்கும் சில அலர்ஜி மாத்திரைகள் ஆகியவையும் கவனத்தைக் குலைக்கும் என்பதால், சாப்பிடும் மருந்துகளையும் சொல்லுங்கள்.

கேள்வி: ஒருவழியாக ஒன்றை முடித்துவிட்டேன். மறுபடி நிற்காமல் இருக்க?

ஒன்றை முடித்து அடுத்ததைத் தேடுகிற இடைவெளியில்தான் மறுபடி நிற்கும். நடப்புப் புத்தகத்தில் 30 பக்கம் மிச்சமிருக்கும்போதே அடுத்ததை எடுத்து, முதல் ஐந்து பக்கம் படித்து, அடையாளத் தாள் செருகி அதே மேசையில் வைத்துவிடுங்கள்.