மிட்வைஃபைப் பார்க்கப் போன நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு கேர் ஹோமில் ஹெல்த் அண்ட் கேர் விசாவில் வேலை செய்கிறேன். சேர்ந்து 14 மாதம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று 12 மணி நேர ஷிப்ட், சில வாரங்களில் நைட். இப்போது 16 வாரக் கர்ப்பம், முதல் குழந்தை. ஸ்கேனுக்குப் போன மூன்று மணி நேரத்துக்கு மேனேஜர் சம்பளத்தைப் பிடித்துவிட்டார். "ஆஃப் நாளில் அப்பாயின்ட்மென்ட் வாங்கு, இல்லையென்றால் ஆண்டு விடுப்பு எடு, அதுவும் இல்லையென்றால் இன்னொரு நாள் வந்து அந்த மணிகளை ஈடுகட்டு" என்கிறார். மேட்-பி-1 படிவம் (பிரசவத் தேதிச் சான்று) கொண்டுவந்தால்தான் மேற்கொண்டு பேச்சாம். வற்புறுத்திக் கேட்டால் என் விசாவுக்கு நிறுவனம் தரும் ஸ்பான்சர்ஷிப்புக்கு ஆபத்து வருமோ என்று பயமாக இருக்கிறது. வேறொரு நிறுவனத்தில் வேலை செய்யும் என் கணவருக்கு என்னோடு வர லீவு கிடைக்குமா?

பதில்: ஸ்கேன் விஷயத்தில் உங்கள் மேனேஜர் சொன்ன மூன்று வழிகளுமே சட்டத்துக்குப் புறம்பானவை. 1996-ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, கர்ப்பகாலப் பரிசோதனைக்காக வேலை நேரத்திலேயே வெளியே போகும் உரிமையைத் தருகிறது. அந்த நேரத்துக்கு வழக்கமான மணிச் சம்பளம் தர வேண்டும் என்கிறது 56-ஆவது பிரிவு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இது பொருந்தும். ஆண்டு விடுப்பில் கழிப்பதும், பின்னால் வந்து ஈடுகட்டச் சொல்வதும், சம்பளத்தோடு நேரம் என்ற இந்த உரிமையை இல்லாமல் ஆக்கிவிடுகின்றன. (இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றுக்கும் இதே சட்டம்தான். வட அயர்லாந்தில் சட்டம் தனி.)

எதெல்லாம் பரிசோதனை? டாக்டரோ மிட்வைஃபோ (பேறுகாலச் செவிலியர்) நர்ஸோ போகச் சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ஆகியவற்றோடு, மிட்வைஃப் பரிந்துரைத்திருந்தால் பிரசவ வகுப்பும் இதில் அடங்கும். போய்வரும் பயண நேரமும் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் நேரமும் சேர்த்தியே. பஸ்ஸில் முக்கால் மணி, காத்திருப்பு ஒரு மணி, ஸ்கேன் அரை மணி, திரும்ப முக்கால் மணி என்றால் மூன்று மணி நேரம் முழுவதற்கும் சம்பளம் உண்டு. "ஸ்கேன் அரை மணிதானே" என்று மீதியைப் பிடிப்பது பல இடங்களில் நடக்கும் தவறு.

உங்களுக்கு முன்கூட்டியே ஒன்று. தெற்காசியக் குடும்பப் பின்னணி உள்ள கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரை நோய் வாய்ப்பு அதிகம் என்பதால், 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் பரிசோதனைக்கு அழைப்பார்கள். இரவு முழுக்கப் பட்டினி இருந்து காலையில் ரத்தம் கொடுத்து, குளுக்கோஸ் தண்ணீர் குடித்து, இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். பயணத்தோடு அரை நாள் போய்விடும். "ரத்தப் பரிசோதனை" என்று மட்டும் மேனேஜரிடம் சொன்னால் ஒரு மணி நேரம் என்று நினைத்து ரோட்டா (ஷிப்ட் அட்டவணை) போடுவார், பிறகு தகராறு வரும். எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். முதல் பிரசவத்துக்குச் சிக்கல் எதுவும் இல்லையென்றால் மொத்தம் 10 சந்திப்புகள்தான் வழக்கம். அத்தனை தேதிகளையும் மிட்வைஃபிடம் கேட்டு ஒரே பட்டியலாகக் கொடுத்துவிட்டால் "கடைசி நிமிஷத்தில் சொன்னாய்" என்ற புகாருக்கு இடமில்லை.

மேட்-பி-1 விஷயத்தில் மேனேஜர் இரண்டு விதிகளைக் குழப்பிக்கொள்கிறார். அந்தப் படிவத்தைப் பிரசவத் தேதிக்கு 20 வாரங்களுக்கு முன் கொடுக்கவே மாட்டார்கள். அது பேறுகாலச் சம்பளத்துக்கான ஆதாரம். அப்பாயின்ட்மென்ட் நேரத்துக்கு நிர்வாகம் கேட்கக்கூடியவை இரண்டு: நீங்கள் கர்ப்பிணி என்பதற்கு டாக்டர், மிட்வைஃப் அல்லது நர்ஸ் தரும் சான்று, அப்பாயின்ட்மென்ட் கார்டு அல்லது அதைக் காட்டும் வேறு ஆவணம். 16 வாரத்தில் சான்று வேண்டுமென்றால் மிட்வைஃபிடம் ஒரு வரிக் கடிதம் கேளுங்கள். ஆஸ்பத்திரிக் கடிதமோ, என்ஹெச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) ஆப்பில் வரும் தேதியின் ஸ்கிரீன்ஷாட்டோ இரண்டாவதுக்குப் போதும். முதல் சந்திப்புக்கு இந்த ஆதாரங்களைக் கேட்கவே முடியாது. உங்கள் ஸ்கேன் அநேகமாக இரண்டாவது சந்திப்பாக இருக்கும் என்பதால், கார்டைக் காட்டவில்லையென்றால் இப்போதாவது அனுப்பிவிடுங்கள்.

"ஆஃப் நாளில் வாங்கு" என்பதில் மட்டும் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. நியாயமின்றி மறுக்கக் கூடாது என்பதுதான் சட்டத்தின் வாசகம். பல நேரங்களில் தேர்வு செய்ய முடிகிற வகுப்புக்கு, வேலையில்லாத நாளில் எளிதாக இடம் கிடைக்கும்போதும் வேலை நாளையே பிடிவாதமாகக் கேட்டால், மறுப்பு நியாயம் என்று வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் சொல்ல வாய்ப்புண்டு. ஆனால் ஸ்கேன் தேதியை ஆஸ்பத்திரிதான் குறிக்கிறது, அதுவும் குறிப்பிட்ட வாரங்களுக்குள் நடந்தாக வேண்டும். ஆள் பற்றாக்குறை, ரோட்டா போட்டாகிவிட்டது என்பவை தேதி முன்பே தெரிந்த அப்பாயின்ட்மென்டை மறுக்கப் போதுமான காரணங்கள் அல்ல.

நைட் ஷிப்ட்தான் சட்டம் தெளிவாகக் கை கொடுக்காத இடம். காலை 8 மணிக்கு ஷிப்ட் முடிந்து 10 மணிக்கு அப்பாயின்ட்மென்ட் என்றால், அது உங்கள் வேலை நேரத்தில் விழவில்லை. 55-ஆவது பிரிவு நேரடியாக உதவாது. இங்கே வேறு கதவைத் தட்டுங்கள். கர்ப்பத்தை எழுத்தில் தெரிவித்துவிட்டால், உங்கள் வேலையில் என்னென்ன ஆபத்து என்று பார்த்து அதைக் குறைக்கும் கடமை 1999-ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்பு விதிகளின்படி நிர்வாகத்துக்கு வருகிறது. நோயாளிகளைத் தூக்குவது, ஹாய்ஸ்ட் (ஆளைத் தூக்கும் கருவி), கிருமிநாசினி, நீண்ட நேரம் நிற்பது எல்லாம் கேர் ஹோமில் நிஜமான ஆபத்துகள். இரவு வேலை உடல்நலத்துக்கு ஆகாது என்று டாக்டரோ மிட்வைஃபோ சான்று தந்தால், தகுந்த பகல் வேலை தர வேண்டும். அது இல்லையென்றால் முழுச் சம்பளத்தோடு வேலையிலிருந்து நிறுத்திவைக்க வேண்டும். ஆபத்து மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன "பார்த்து வேலை செய்" மதிப்பீடு ஆகாது.

இப்போது பணம். மணிக்கு 13 பவுண்டு என்றால் உங்களிடமிருந்து பிடித்தது 39 பவுண்டு. நேரம் கொடுத்துவிட்டுச் சம்பளம் பிடித்தால் அந்தத் தொகையைத் தரச் சொல்லித் தீர்ப்பாயம் உத்தரவிடும். நேரமே மறுத்தால் அதைப்போல இரண்டு மடங்கு, அதாவது 78 பவுண்டு. இதற்காகவா வழக்கு என்று தோன்றும். அதனால்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் இழப்பு 39 பவுண்டோடு நிற்பதில்லை.

பேறுகாலச் சம்பளத்தின் முதல் 6 வாரங்களுக்குச் சராசரி வாரச் சம்பளத்தில் 90 சதவீதம் தருவார்கள். அடுத்த 33 வாரங்களுக்கு அரசு நிர்ணயித்த தொகை, அல்லது அதே 90 சதவீதம், எது குறைவோ அது. அந்தச் சராசரியை எடுக்கும் காலம், பிரசவ வாரத்துக்கு முந்தைய 15-ஆவது வாரத்தில் முடியும் ஏறத்தாழ 8 வாரம். உங்கள் கணக்கில் 17 முதல் 25-ஆவது வாரம் வரை. அடுத்த வாரமே தொடங்குகிறது. மாதச் சம்பளமென்றால் பெரும்பாலும் இரண்டு பேஸ்லிப். இரண்டாவது பெரிய ஸ்கேனும், ஒருவேளை குளுக்கோஸ் பரிசோதனையும் இதே காலத்தில் விழும். இந்த நேரத்தில் சம்பளமில்லா விடுப்பு என்று பதிந்தாலோ, ஷிப்டைக் குறைத்தாலோ, சிக் லீவாகப் போட்டாலோ பேறுகாலச் சம்பளமும் சேர்ந்து குறையும். இந்த இரண்டு மாதப் பேஸ்லிப்பை வரி வரியாகச் சரிபாருங்கள். "சிக்" என்று பதிந்திருந்தால் உடனே திருத்தக் கேளுங்கள். அப்பாயின்ட்மென்ட் நோய் விடுப்பு அல்ல.

முதல் வேலையாக மேனேஜருக்கும் எச்ஆருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். ஐந்து விஷயம் போதும்: நீங்கள் கர்ப்பிணி, பிரசவத் தேதி இது, ஸ்கேன் நடந்த தேதியும் பிடித்த தொகையும், 55, 56-ஆவது பிரிவுகளின்படி அதை அடுத்த சம்பளத்தில் சேர்க்கக் கோருவது, இனி வரும் சந்திப்புகளின் பட்டியல். வாட்ஸ்அப்பில் மேனேஜர் சொன்னவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வேலை போனில் அல்ல, உங்கள் சொந்த மின்னஞ்சலில் வையுங்கள். நேரில் சொன்னதாக இருந்தால் "நேற்று நீங்கள் இப்படிச் சொன்னீர்கள், சரிதானே" என்று எழுதிப் பதிவாக்குங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் முறையான புகார் கொடுங்கள்.

அதற்கும் அசையவில்லையென்றால் வேலைத் தகராறுகளில் சமரசம் செய்யும் ஏகாஸ் (Acas) அமைப்பில் முன்சமரசத்துக்குப் பதிவு செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. கெடு, அப்பாயின்ட்மென்ட் நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. ஸ்கேன் 12-ஆவது வாரத்தில் நடந்திருந்தால் ஒரு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. உள்புகார் நடந்துகொண்டிருப்பதால் இந்தக் கெடு நிற்காது. நிர்வாகம் இழுத்தடித்து ஆட்கள் கோட்டைவிடுவது இங்கேதான். கெடுவை நீட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டாலும் மூன்று மாதக் கணக்கிலேயே நடந்துகொள்ளுங்கள்.

உங்கள் கையில் இருக்கும் பலமான ஆயுதம் அந்த 39 பவுண்டு கோரிக்கையல்ல. கர்ப்பத்தின் காரணமாக ஒருவரைப் பாதகமாக நடத்துவது 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் 18-ஆவது பிரிவின்படி பாகுபாடு. அப்பாயின்ட்மென்ட் கேட்ட பிறகு ஷிப்டைக் குறைத்தாலோ, எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தாலோ, வேலையை விட்டு நீக்கினாலோ அந்தக் கணக்கு வேறு. மன வேதனைக்கான இழப்பீடே ஆயிரக்கணக்கான பவுண்டுகளில் வரலாம். கர்ப்பத்துக்காக நீக்கினால் எத்தனை மாதம் வேலை செய்தீர்கள் என்ற கேள்வியே இல்லாமல் அது சட்டவிரோத நீக்கம். கர்ப்பிணியை நீக்கினால் அவர் கேட்காமலேயே எழுத்தில் காரணம் தர வேண்டும்.

விசா பயத்தை வெறும் பயம் என்று ஒதுக்க மாட்டேன். ஸ்பான்சரால் உங்கள் விசாவை ரத்து செய்ய முடியாது; அந்த அதிகாரம் உள்துறைக்குத்தான். ஆனால் வேலை போனால் ஸ்பான்சர் அதைத் தெரிவிக்க வேண்டும். பிறகு உள்துறை விசா காலத்தைக் குறைத்தால் வழக்கமாக 60 நாள்தான் கிடைக்கும், தீர்ப்பாய வழக்கு நடக்கிறது என்பதற்காக அது நீளாது. அதனால் சண்டையாக இல்லாமல் மேலே சொன்ன மின்னஞ்சலில் தொடங்குங்கள். நீக்கப் போகிறார்கள் என்ற அறிகுறி தெரிந்தால் அன்றே குடிவரவு ஆலோசகர் ஒருவரையும் பாருங்கள். பரிசோதனைக்குப் போவதோ பேறுகால விடுப்போ ஸ்பான்சர்ஷிப்பைப் பாதிக்காது; சம்பளமில்லாமல் நான்கு வாரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியிலும் பேறுகால விடுப்புக்கு விலக்கு உண்டு. பேறுகாலச் சம்பளம் உங்கள் விசாவில் தடை செய்யப்பட்ட அரசு உதவிக் கணக்கிலும் வராது.

உங்கள் கணவருக்கு இரண்டு அப்பாயின்ட்மென்டுகளுக்கு லீவு உண்டு, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் ஆறரை மணி நேரம், பயணம் உட்பட. ஆனால் சட்டப்படி சம்பளம் கிடையாது. நிறுவனம் விரும்பினால் தரலாம். நிறுவனத்தின் நேரடி ஊழியர் என்றால் முதல் நாளிலிருந்தே. ஏஜென்சி ஊழியர் என்றால் ஒரே இடத்தில் ஒரே வேலையில் 12 வாரம் முடிந்திருக்க வேண்டும். அவரிடம் உங்கள் அப்பாயின்ட்மென்ட் கார்டைக் கேட்க முடியாது, அது உங்களுடையது. கையெழுத்திட்ட ஓர் அறிவிப்பைக் கேட்கலாம்: உங்களோடு உள்ள உறவு, இது கர்ப்பப் பரிசோதனைக்கு என்பது, மருத்துவ ஆலோசனைப்படி வாங்கியது என்பது, தேதி, நேரம். ஒன்றை 20 வார ஸ்கேனுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மற்றதைப் பின்னால் ஏதாவது சிக்கல் வந்தால் பயன்படுத்தட்டும்.