தாத்தா பெயரில் பட்டா, மண் மூடிய வாய்க்கால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்களுக்கு 1 ஏக்கர் 80 சென்ட் நிலம் உள்ளது. முள்ளுக் கத்தரி பயிரிடுகிறோம். சொட்டுநீர்ப் பாசன மானியத்திற்காகச் சிறு, குறு விவசாயி சான்று கேட்டுச் சென்றபோது, பட்டா இன்னும் என் தாத்தா பெயரிலேயே இருப்பதால் தர இயலாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாற்பது ஆண்டுகளாக நாங்கள்தான் உழுகிறோம். நான் என்ன செய்ய வேண்டும்?
வாசகர், அணைக்கட்டு வட்டம்

பதில்: உங்களுக்கு உரியதை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். இரண்டரை ஏக்கர் வரை உள்ளவர் குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை உள்ளவர் சிறு விவசாயி. இவ்விரு பிரிவினருக்கும் தமிழ்நாட்டில் நுண்ணீர்ப் பாசனக் கருவிகளுக்கு அரசு நிர்ணயித்த அலகுத் தொகையில் 100 சதவீதமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் வழங்கப்படுகிறது. ஆனால் நில உரிமையாளர் பெயரைக் காட்டும் வருவாய்ப் பதிவான சிட்டாவில் தாத்தா பெயர் இருக்கும் வரை உழுகிறவர் யார் என்பதை அரசுக் கணக்கு அறியாது. பிரதமரின் கிசான் திட்டத்தில் மூன்று தவணைகளாக வரும் ஆண்டுக்கு 6,000 ரூபாயும், பயிர்க்கடனும் கூட இதே இடத்தில்தான் தடைபடுகின்றன. நம் வேலூர் மாவட்டத்தில் சிறு நிலங்கள் கைவிட்டுப் போவதற்கு மழையின்மைக்கு அடுத்த பெரிய காரணம் மாற்றப்படாத பட்டா என்றே நான் கருதுகிறேன்.

முதலில் தாத்தா, தந்தை இருவரின் இறப்புச் சான்றுகளையும் வாரிசுச் சான்றுகளையும் பெறுங்கள். பிறகு வாரிசுகள் அனைவரும் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். குடும்பத்திற்குள் செய்துகொள்ளும் பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வையிலும் பதிவுக் கட்டணத்திலும் உச்ச வரம்பு இருப்பதால் செலவை எண்ணி அஞ்ச வேண்டாம். பெரியவர்கள் காலத்தில் வெள்ளைத்தாளில் எழுதி வைத்த கூர்சீட்டு (பதிவு செய்யாத பாகப்பிரிவினைச் சீட்டு) பெட்டியில் இருக்கக்கூடும்; அதை மட்டும் நம்பி வருவாய்த் துறையில் உட்பிரிவுப் பட்டா பெறுவது கடினம். அத்தைகளையும் சகோதரிகளையும் விட்டுவிட்டு எழுதாதீர்கள். பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989ஆம் ஆண்டிலும், நாடு முழுமைக்குமாக மத்திய அரசு 2005ஆம் ஆண்டிலும் சட்டத் திருத்தம் செய்துவிட்டன. அவர்கள் கையொப்பம் இல்லாத பத்திரம் பின்னாளில் வழக்கைத்தான் கொண்டுவரும். அதைவிட, அவர்களும் அந்த மண்ணில் களை எடுத்து வளர்ந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

பத்திரம் பதிவான பின் இ-சேவை மையத்தில் உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். நில அளவர் வரும் நாளில் நீங்களும் பக்கத்து நிலத்தாரும் வரப்பில் நிற்பது அவசியம். முள்புதருக்குள் புதைந்து கிடக்கும் பழைய எல்லைக்கல்லை அன்று தோண்டிக் காட்டிவிட்டால், பிறகு பல ஆண்டுக் கோர்ட் அலைச்சல் மிச்சம். பட்டா மறுக்கப்பட்டால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு கோரலாம்.

கத்தரி தோட்டக்கலைப் பயிர் என்பதால், சொட்டுநீருக்கு வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தை அணுக வேண்டும். இது தெரியாமல் வேளாண்மை அலுவலகத்திற்கு நடந்து களைத்தவர்கள் பலர். கருவி அமைத்த பிறகு பராமரிப்பு உங்கள் கையில்தான் இருக்கிறது. நம் பக்கத்துக் கிணறுகளில் உப்பு மிகுதி. சில மாதங்களிலேயே சொட்டுவானின் வாயில் சுண்ணாம்பு போல வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். பக்கவாட்டுக் குழாய்களின் முனை மூடிகளை வாரம் ஒருமுறை திறந்து, கலங்கல் நின்று தெளிந்த நீர் வரும் வரை ஓடவிடுங்கள். உங்கள் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதை விளைவிக்கும் நிலம் உங்கள் பெயரில் இருப்பதும் அவ்வளவுக்கு முக்கியம்.

கேள்வி: எங்கள் கழனிக்கு மேல்புறம் இருந்த நன்செய் நிலத்தை வாங்கியவர்கள் கல் நட்டு மனைகளாகப் பிரித்து, எங்களுக்கு ஏரித் தண்ணீர் வரும் வாய்க்காலையும் மண் கொட்டி மூடிவிட்டார்கள். வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறதே, அதன்படி தடுக்க முடியாதா?
வாசகி, குடியாத்தம் வட்டம்

பதில்: நீங்கள் குறிப்பிடும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020ஆம் ஆண்டு காவிரிப் படுகைக்காக இயற்றப்பட்டது. வேலூர் மாவட்டம் அதில் இல்லை. இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் பாலாற்றங்கரையில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே எடுத்துக் காட்டியது. இவ்வளவு இழந்த மாவட்டம் எஞ்சியதை மனைக்கற்களுக்குக் கொடுக்கலாமா?

இருப்பினும் நீங்கள் கையற்று நிற்கவில்லை. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவின்படி, திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள வேளாண் நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற உரிய முன் அனுமதி பெற வேண்டும். அனுமதியற்ற மனைகளைப் பத்திரப் பதிவு செய்யவும் தடை உள்ளது. ஆகவே அந்த மனைப்பிரிவுக்கு அனுமதி எண் உண்டா என்று ஊராட்சியிலும் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்திலும் எழுத்து மூலம் கேளுங்கள்.

வாய்க்காலுக்கு இதைவிட விரைவான வழி உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தின் (நில அளவை வரைபடம்) நகலையும் அ-பதிவேட்டு (நிலத்தின் வகையைக் குறிக்கும் கிராமப் பதிவேடு) விவரத்தையும் பெற்று, அது வாய்க்கால் புறம்போக்கு என்று பதிவாகியிருக்கிறதா எனப் பாருங்கள். அவ்வாறு இருந்தால், பக்கத்து நிலத்தை யார் வாங்கியிருந்தாலும் வாய்க்கால் அரசுடையது. 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அதை மீட்க வட்டாட்சியருக்கு அதிகாரம் உண்டு. மூடிய இடத்தைப் படம் எடுத்து, அந்த வாய்க்காலில் பாயும் அத்தனை ஆயக்கட்டுதாரர்களின் கையொப்பத்துடன் மனுக் கொடுங்கள். ஒருவர் கொடுத்தால் பங்காளிச் சண்டை என்று ஒதுக்கிவிடுவார்கள். பதினைந்து பேர் கொடுத்தால் அது ஊரின் பாசனப் பிரச்சினை. மாதந்தோறும் ஆட்சியர் தலைமையில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்வுக் கூட்டத்திலும் அதே மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபையில் வாய்க்காலைத் தூர்வாரத் தீர்மானம் கொண்டுவருவதும் நல்லது. ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் நடக்கின்றன. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் கூட்டம் இதற்கு மிகவும் பொருத்தமானது.

கேள்வி: ஏரி வண்டல் மண்ணை இலவசமாக எடுக்கலாம் என்கிறார்கள். எவ்வளவு எடுக்கலாம்?
வாசகர், கே.வி.குப்பம்

பதில்: ஏக்கருக்கு நன்செய்க்கு 75 கன மீட்டரும் புன்செய்க்கு 90 கன மீட்டரும் எடுக்கலாம். மாவட்ட அரசிதழில் அறிவிக்கப்பட்ட ஏரியாக இருக்க வேண்டும்; அனுமதி வட்டாட்சியரிடம் பெற வேண்டும். இதற்கும் சிட்டா கேட்பார்கள். பாலாற்றங்கரையில் தோல் கழிவு கலந்த ஏரி என்ற ஐயம் இருந்தால், ஒரு கிலோ மண்ணை முதலில் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகே டிராக்டரை இறக்குங்கள்.