எத்தனை நிமிஷத்தில் ஆஃப் ஆகிறது? பழைய பைக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புகார்தான்: செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி ஸ்டார்ட் ஆகிறது, கொஞ்ச நேரத்தில் ஆஃப் ஆகிவிடுகிறது. மழையும் பனியும் சேர்ந்த நேரம் வேறு. ஒரே புகார் என்றாலும் காரணம் ஒன்றல்ல. எவ்வளவு நேரம் ஓடி நிற்கிறது என்பதை வைத்துத்தான் பாதி விஷயம் பிடிபடும்.

கோவையில் வாங்கிய 2014 ஸ்ப்ளெண்டர். அங்கே நன்றாக ஓடியது. கோத்தகிரி வந்த பிறகு சோக் போடாமலே ஸ்டார்ட் ஆகி, மூன்று நான்கு நிமிஷத்தில் கறுப்புப் புகை விட்டு நிற்கிறது. கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? (வாசகர், கோத்தகிரி)

வேண்டாம். குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோல் பங்கைக் கூட்டுவதுதான் சோக். கோத்தகிரிக் குளிரில் அது இல்லாமல் ஸ்டார்ட் ஆகிறது என்றாலே என்ஜினுக்குப் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. கோவை 400 மீட்டர் உயரம், நீங்கள் இருப்பது 1,800 மீட்டர். ஊட்டி 2,200-ஐத் தாண்டும்; அங்கே கடல் மட்டத்தைவிடக் காற்றழுத்தம் கால் பங்கு குறைவு. காற்று குறைந்தாலும், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளை அதேதானே? கீழே கொடுத்த பெட்ரோலைக் கிட்டத்தட்ட அப்படியே கொடுக்கும். என்ஜின் குளிர்ந்திருக்கும்வரை அது உதவும். சூடேறியதும் பிளக் கறுத்து நின்றுவிடும்.

முதலில் சோக் லீவர் முழுதாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் பாதியில் மாட்டிக்கொள்ளும். அடுத்து ஏர் ஃபில்டர், பிளக். இவை சரியாக இருந்தால் மட்டுமே கார்புரேட்டர் ஸ்க்ரூவில் கை வையுங்கள். ஸ்க்ரூ ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுக்கானது, வெளியே திருப்பினால் பெட்ரோல் குறையும். என்ஜின் பக்கம் இருந்தால் கலவைக்கானது, உள்ளே திருப்பினால்தான் குறையும். இது தெரியாமல் திருகித்தான் பலர் வண்டியைக் கெடுக்கிறார்கள். கால் சுற்று, அரைச் சுற்று போதும். திருப்பும் முன் எத்தனை சுற்றில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மெயின் ஜெட்டைச் சிறிதாக்குவது வண்டி மலையிலேயே இருக்கும் என்றால் மட்டும். வாரம் ஒருமுறை கோவை இறங்குகிறவர்கள் அதைத் தொடாதீர்கள்; சமவெளியில் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் சூடேறும். காற்று வேண்டும் என்று ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுவதும் கூடவே கூடாது.

வண்டி ஸ்டார்ட் ஆகி ஆஃப் ஆகுது. என்ன பண்ணலாம்? அவசரம். (பெயர், ஊர் இல்லை)

என்ன வண்டி? கார்புரேட்டரா, எஃப்.ஐ-யா (ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன்)? எத்தனை நிமிஷம் ஓடி நிற்கிறது? சட்டென்று நிற்கிறதா, திணறி நிற்கிறதா? உடனே திரும்ப ஸ்டார்ட் ஆகிறதா? ஒன்றுமே எழுதாமல் அவசரம் என்றால் நான் எதைச் சொல்வது? இவ்வளவையும் எழுதி அனுப்புங்கள், பதில் தருகிறேன்.

நாலைந்து கிலோமீட்டர் போனதும் நிற்கிறது. பத்து நிமிஷம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. மழைக்காக டேங்க் மூடியில் பிளாஸ்டிக் கவர் கட்டியிருக்கிறேன். (வாசகர், மஞ்சூர்)

கவரை அவிழ்த்துவிடுங்கள். மூடியில் காற்றுத் துளை இருக்கிறது. அது அடைபட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் கீழே இறங்காது. அடுத்த முறை நின்றவுடன் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்து, வண்டியும் ஸ்டார்ட் ஆனால் காரணம் அதுதான். மூடியைத் திறந்தும் ஸ்டார்ட் ஆகாவிட்டால், அந்த இடத்திலேயே பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் வருகிறதா பாருங்கள், டேங்க் மூடியை மறக்காமல் மூடிவிட்டு. பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலில், சூடானால் செத்து, ஆறினால் பிழைக்கும் ரகம் உண்டு. ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்வதற்குள் அது ஆறிவிடும். அங்கே கோளாறே தெரியாது.

2021 மாடல் எஃப்.ஐ வண்டி. ஸ்டார்ட் ஆகிறது, முதல் கியர் போட்டதும் ஆஃப். ஊட்டிக்கு ஏற்ப ஜெட் மாற்ற வேண்டுமா? (வாசகி, குன்னூர்)

சைடு ஸ்டாண்டை முழுதாக மடக்குங்கள். மடக்கியும் நின்றால் ஸ்டாண்டில் இருக்கும் சுவிட்சில் சேறு ஏறியிருக்கும், கழுவச் சொல்லுங்கள். எஃப்.ஐ வண்டியில் ஜெட்டே கிடையாது. காற்றழுத்தத்தை சென்சார் பார்த்துக்கொள்ளும்.

மேட்டுப்பாளையத்தில் ஒரு கன்சல்டிங்கில் மதியம் பார்த்து வாங்கினேன். ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆனது. மறுநாள் காலை கேத்தியில் கிக்கர் அடித்துக் கால் வலித்ததுதான் மிச்சம். ஸ்டார்ட் ஆனாலும் ஆக்ஸிலேட்டரை விட்டால் நின்றுவிடுகிறது. நான் ஏமாந்துவிட்டேனா? (வாசகர், கேத்தி)

நீங்கள் பார்த்தது சூடான என்ஜினை. எத்தனை முறை எழுதியும் மக்கள் இதையேதான் செய்கிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஆள் வருகிறார் என்று தெரிந்தால், வருவதற்கு முன்பே வண்டியைப் பத்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்கி வைப்பவர்கள் உண்டு. சூடான என்ஜினில் தேய்ந்த பிஸ்டன் ரிங், இறுகிய டேப்பெட் (வால்வு இடைவெளி), அடைத்த ஸ்லோ ஜெட் (ஆக்ஸிலேட்டரை விட்ட நிலையில் பெட்ரோல் தரும் சிறு ஜெட்), செத்துக்கொண்டிருக்கும் பேட்டரி எல்லாம் ஒளிந்துகொள்ளும். மேட்டுப்பாளையம் மதிய வெயிலில் இன்னும் நன்றாக ஒளிந்துகொள்ளும். உழைத்துச் சேர்த்த முப்பது, நாற்பது ஆயிரத்தைக் கொடுத்துவிட்டு மறுநாள் காலை மலையில் நிற்பவரைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

காலையில் போங்கள். வரும் நேரத்தைச் சொல்லாதீர்கள். சாவி கேட்கும் முன் சிலிண்டர் பக்கம் புறங்கையைக் கொண்டு போங்கள், சைலன்சர் வளைவிலும் அப்படியே. சுடுகிறதா என்று தொடாமலே தெரியும். சூடு இருந்தால் ‘நாளைக்கு வருகிறேன்’ என்று கிளம்பிவிடுங்கள். குளிர்ந்திருந்தால் சோக் போட்டு ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து கையை எடுங்கள். அப்போது விற்பவரின் கை தானாக ஆக்ஸிலேட்டருக்கு வரும். விடாதீர்கள். முறுக்கிக்கொண்டே இருந்தால் நிற்கும் வண்டியும் நிற்காது. ஒன்றிரண்டு நிமிஷத்தில் சோக்கை மெல்ல எடுத்துவிட்டு, ஐந்து நிமிஷம் சும்மா ஓட விடுங்கள். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, செலவு பெரிது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், சரிசெய்துவிடலாம். குளிரில் மெல்லிய வெள்ளை வந்து சீக்கிரம் மறைந்தால் அது வெறும் நீராவி. பிறகு ஹெட்லைட்டைப் போட்டு ஐடிலிங் (ஆக்ஸிலேட்டரை விட்ட நிலையில் என்ஜின் ஓடும் வேகம்) இறங்குகிறதா என்று பாருங்கள். கடைசியாக ஆஃப் செய்து உடனே சூட்டோடு திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள். ‘பிளக் மாற்றினால் சரியாகிவிடும்’ என்றால், மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம்.

உங்கள் வண்டிக்கு முதல் வேலை, என்ஜின் ஆறியிருக்கும்போது டேப்பெட் செக் செய்வது. இரண்டாவது, ஸ்லோ ஜெட்டைக் கழற்றிக் காற்றடித்துச் சுத்தம் செய்வது. கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். இரண்டும் சில நூறு ரூபாயில் முடியும். அதற்கும் அடங்காவிட்டால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பாருங்கள். விலை பேசியபோதே செய்திருக்க வேண்டிய சோதனை அது.

மூன்று மாதமாக வீட்டில் நின்ற பல்சர். இப்போது ஒரு நிமிஷம் ஓடி நிற்கிறது. டேங்கில் பெட்ரோல் இருக்கிறது. (வாசகர், அருவங்காடு)

பெட்ரோல் இருக்கிறது, சரி. தண்ணீரும் இருக்கிறதா? கார்புரேட்டர் அடியில் இருக்கும் டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் வையுங்கள். பாட்டிலின் அடியில் தனியாக ஒரு படலம் நின்றால் தண்ணீர்தான். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். ரிசர்வில் போட்டால் அதுதான் முதலில் வரும். டேங்கைக் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். அந்த வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் அடுப்பு, சிகரெட் எதுவும் இருக்கக் கூடாது. நீண்ட நாள் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் டேங்கை நிரப்பி வைத்துவிட்டு, கார்புரேட்டரை மட்டும் காலி செய்யுங்கள்.

ஆர்.எக்ஸ் 100 வாங்கியிருக்கிறேன். ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் இழுவை இல்லாமல் அடங்கி நின்றுவிடுகிறது. (வாசகர், கூடலூர்)

சைலன்சர் உள்குழாயைக் கழற்றிக் கரி நீக்குங்கள். டூ ஸ்ட்ரோக் வண்டி மூச்சுவிடுவது அந்த வழியாகத்தான். வெள்ளைப் புகை அடர்த்தியாகவும் வந்து, கியர் ஆயிலும் குறைந்துகொண்டே போனால் கிராங்க் ஆயில் சீல் போயிருக்கிறது.

குன்னூர் மலைப்பாதையில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை மூடினால் என்ஜின் நின்றுவிடுகிறது. நியூட்ரலில் இறங்கலாமா? (வாசகர், வெலிங்டன்)

ஒருபோதும் கூடாது. கியர் பிடிப்பு இல்லாமல் பர்லியார் வரை பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பு போய்விடும். ஐடிலிங் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். என்ஜினை நன்றாகச் சூடாக்கிய பிறகு நிமிஷத்துக்கு 1,400 சுற்று அளவுக்கு ஏற்றி வையுங்கள். குளிர்ந்த என்ஜினில் வைத்தால் சூடானதும் எகிறும்.

இரவில் பெட்ரோல் காக்கை மூட வேண்டுமா? (வாசகர், எமரால்டு)

மூடுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் நிரம்பியதும் வரத்தை நிறுத்தும் ஃப்ளோட் வால்வு தேய்ந்திருந்தால் ராத்திரி முழுக்க வழிந்து கார்புரேட்டர் நிரம்பும், சில சமயம் என்ஜின் ஆயிலிலும் கலக்கும். ஆனால் காலையில் திறக்க மறந்தால், கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் ஓரிரு கிலோமீட்டர் ஓடி நிற்கும். எனக்குக் கடிதம் எழுதும் முன் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.