15,000 ரூபாய்க்குக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: காசிமேட்டில் மீன் விற்கிறேன். விற்காமல் மிஞ்சும் மீனை வைக்க, 14 மாதத்துக்கு முன் 46,000 ரூபாய் கொடுத்து டீப் ஃப்ரீசர் வாங்கினேன். புதுசு என்று சொல்லித்தான் விற்றார்கள். இரண்டாவது மாதமே குளிர் நின்றுவிட்டது. வெளி மெக்கானிக் பின்பக்க ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, இது ஐந்து வருஷப் பழசு, பெயிண்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்றார். கம்பெனி இன்று நாளை என்று இழுத்தடித்தது. இப்போது 15,000 தருகிறோம், ஒரு பேப்பரில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். கோர்ட்டுக்குப் போனால் கையில் இருப்பதும் போய்விடும் என்கிறார் மாமியார். போலீஸுக்குப் போகலாம் என்கிறான் தம்பி. என்ன செய்ய?
- வாசகி, காசிமேடு

பதில்: அன்புச் சகோதரி, அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று அதில் ஒரு வரி அநேகமாக இருக்கும். பிறகு நீங்கள் எங்கே போனாலும் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள்.

மாமியாரின் பயம் நியாயமானது. வக்கீல் ஃபீஸுக்கு நகையை அடகு வைத்த குடும்பங்களை அவர் பார்த்திருப்பார். ஆனால் நீங்கள் போக வேண்டிய இடம் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். வக்கீல் வேண்டும் என்று தோன்றினால் சட்ட உதவி மையத்தை 15100-ல் கேளுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு.

கம்பெனித் தரப்பு ஒன்றைக் கிளப்பும். 'வியாபாரத்துக்கு வாங்கினீர்கள், அதனால் நீங்கள் நுகர்வோரே இல்லை' என்பார்கள். பலர் இந்த இடத்தில்தான் மிரண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் மிரளாதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிய பொருள் என்றால் வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஒற்றை ஆளாகக் கூடை வைத்து விற்கும் உங்களுக்கு இது அப்படியே பொருந்தும். புகாரின் முதல் பத்தியிலேயே இதை எழுதிவிடுங்கள்.

தம்பி சொல்வதும் தப்பில்லை. பழசைப் புதுசு என்று விற்றது ஏமாற்றுதான், போலீஸில் புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அது தண்டனைக்கான வழி. உங்களுக்கு முதலில் வேண்டியது பணம். அதற்கு ஆணையம்தான் நேர்வழி.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 3 மாதத்தில், பொருளைச் சோதனைக்கு அனுப்பினால் 5 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் வருடம் தாண்டுவதும் உண்டு. வாய்தா நாளில் வியாபாரம் கெடும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், கை வறண்டிருக்கும். அப்போது பார்த்து மறுபடி 15,000-த்தோடு வந்து நிற்பார்கள். எவ்வளவு கொடுத்தால் சமாதானம் என்று வீட்டில் உட்கார்ந்து இப்போதே முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், முழு விலையும், ஃப்ரீசர் ஓடாததால் ஐஸுக்குச் செலவழித்த பணமும். அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

காலக்கெடு 2 வருடம். பழுது தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று சிலர் சொல்வார்கள், அந்த வாதத்துக்கே இடம் வைக்காதீர்கள். வாங்கிய நாளிலிருந்தே எண்ணுங்கள், 10 மாதம்தான் மீதி. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குத் தமிழிலேயே பேசிப் புகாரைப் பதியுங்கள். சில கம்பெனிகள் அதற்கே இறங்கி வருவதுண்டு. கூடவே 15 நாள் கெடு கொடுத்து ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் அடுத்த வாரமே ஆணையத்துக்குப் போய்விடுங்கள்.

சர்வீஸுக்கு என்று ஃப்ரீசரைத் தூக்கிப்போக வந்தால் கொடுக்காதீர்கள். உங்கள் பெரிய சாட்சி அதுதான். பில், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். மெக்கானிக்கிடம் அவர் பார்த்ததை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்த ஸ்டிக்கரை இன்றைக்கே, எண்ணும் வருடமும் தெளிவாகத் தெரியும்படி நாலைந்து படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்து உப்புக் காற்றுக்கு அது எத்தனை நாள் தாங்கும்?