சிக்கானோ ஹிப் ஹாப் என்றால் என்ன? அதில் ஏன் இரண்டு மொழிகள்?

அமெரிக்காவில் வாழும் மெக்சிக வம்சாவளியினரைச் சிக்கானோ என்பார்கள். அவர்களுடைய ராப் இசைதான் இது. லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த கிட் ஃப்ராஸ்ட் 1990இல் வெளியிட்ட 'லா ராஸா' இதைப் பரவலாக அறியவைத்தது. அந்தப் பாட்டுக்கு அடியில் ஓடும் இசை, எல் சிக்கானோ குழு 1970இல் வாசித்த 'விவா டிராடோ'. அப்பா அம்மா காலத்து மெட்டு!

சரி, இரண்டு மொழி எதற்கு? பாட்டியிடம் ஸ்பானிஷ், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் 'காலோ' என்ற கொச்சை ஸ்பானிஷ் என்று வளர்ந்தவர்கள் பலர். ஒரே வரியில் மொழி மாறுவது அவர்களுக்கு வாசற்படி தாண்டுவது மாதிரி, யோசிப்பதே இல்லை. எதுகை தேடவும் இரண்டு அகராதி கிடைக்கிறது.

ஆனால் ஸ்பானிஷ் கலந்த ராப் எல்லாமே சிக்கானோ அல்ல. 'மென்டிரோசா' பாடிய மெலோ மேன் ஏஸ் கியூபாவில் பிறந்தவர்.