மாதாவின் நீல ஆடை – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

மத்தியகால ஐரோப்பிய ஓவியங்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் ஊர்க் கோவிலில் லூர்து மாதா சுரூபம் இருக்கிறது. வெள்ளை உடை, இடையில் நீலக் கச்சை. நீலம் என்றால் விண்ணகம், சிவப்பு என்றால் தியாகம் என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லித் தந்தார்கள். அண்மையில் பார்த்த ஒரு காணொளியில், அந்தக் காலத்தில் நீலம் மிகவும் விலை உயர்ந்தது, அதனால்தான் மாதாவுக்குப் பூசினார்கள், மற்றதெல்லாம் பின்னால் கட்டிய கதை என்றார்கள். அந்தப் பக்தி வெறும் காசுக் கணக்குதானா? இன்னொன்று, அந்த வண்ணங்களில் ஏதாவது நம் பக்கத்திலிருந்து போனதா?

ஒரு வாசகி, தூத்துக்குடி

அன்புள்ள வாசகிக்கு,

விலை பற்றிக் காணொளி சொன்னது உண்மைதான். அதிலிருந்து எடுத்த முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வேண்டுதல் நிறைவேறி அம்மனுக்குப் பட்டுப்புடவை சாத்துகிறவரிடம் போய், “விலை அதிகம் என்பதால்தானே பட்டு எடுத்தீர்கள்?” என்று கேட்டால் என்ன சொல்வார்? ஆமாம், என்னால் முடிந்ததில் உயர்ந்ததைக் கொடுத்தேன் என்பார். அவர் மனதில் காசும் பக்தியும் சண்டை போடுவதில்லை. மத்தியகால ஓவியருக்கும் அவருக்குப் பணம் கொடுத்தவருக்கும் அப்படித்தான்.

அந்த நீலம் எப்படி வந்தது என்று பாருங்கள். லாபிஸ் லாசுலி என்ற கல்லிலிருந்து எடுப்பது. கல் வந்த இடம் இன்றைய ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் உள்ள சர்-இ-சங் சுரங்கங்கள். 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோவும் அந்தப் பகுதியின் நீலக்கல்லைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பல வணிகர்கள் கைமாறி அது வெனிஸ் வந்து சேரும். சரி, வந்த கல்லை இடித்துப் பொடித்தால் போதுமா? போதாது. கல்லுக்குள் கால்சைட் என்ற வெள்ளைக் கனிமமும் கலந்திருப்பதால், வெறுமனே பொடித்தால் சாம்பல் பூத்த தூள்தான் கிடைக்கும்.

1400 வாக்கில் சென்னினோ சென்னினி என்ற இத்தாலிய ஓவியர் இதன் செய்முறையை எழுதி வைத்திருக்கிறார். பொடியைப் பைன் பிசின், மாஸ்டிக் பிசின், மெழுகு மூன்றும் உருக்கிய கலவையில் சேர்த்துப் பிசைய வேண்டும். குறைந்தது மூன்று நாள், இரவும் பகலும் வைத்திருந்து தினமும் பிசைய வேண்டும். அப்புறம் அந்த உருண்டையை வெதுவெதுப்பான சாம்பல் காரநீரில் போட்டு இரண்டு குச்சிகளால் அழுத்தி அழுத்திப் பிழிய வேண்டும். நீலத் துகள்கள் நீரில் இறங்கும், கசடு மெழுகிலேயே தங்கிவிடும். நீரை மாற்றி மாற்றிப் பிழிவார்கள். முதல் பிழிவு ஊதாச் சாயல் கொண்ட ஆழ்ந்த நீலம். அடுத்தடுத்தவை வெளிறிக்கொண்டே போகும். கடைசியாக வருவதைச் சாம்பல் என்றே அழைத்தார்கள்.

இந்த வேலைக்கு ஆண்களைவிட இளம்பெண்களே ஏற்றவர்கள், அவர்கள் வீட்டிலேயே இருப்பார்கள், கைகளும் மென்மையானவை என்கிறார் சென்னினி. அவர் சொல்லும் காரணம் எனக்கு உவப்பாக இல்லை. ஆனால் பெயர் தெரியாத எத்தனையோ பெண்களின் உழைப்பு அந்த நீலத்தில் இருக்கிறது என்பதற்கு அவர் வாக்கு ஒரு சாட்சி. இன்னொரு சாட்சி ஜெர்மனியின் டால்ஹைமில் கிடைத்தது. அங்கிருந்த பெண்கள் மடத்தின் இடுகாட்டில், ஏறத்தாழ 1000க்கும் 1160க்கும் இடையில் இறந்த ஒரு நடுவயதுப் பெண்ணின் பல் காரையில் லாபிஸ் லாசுலித் துகள்கள் இருந்தன. 2019இல் அந்த ஆய்வு வெளியானது. தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூராக்கி எழுத்தோவியம் தீட்டியவராக அவர் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். மத்தியகால நீலத்தைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர்தான்.

கணக்கும் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. 1485இல் ஃப்ளோரன்ஸின் அனாதைக் குழந்தைகள் இல்லம் ஒன்றுக்காக ஓவியர் கிர்லாண்டாயோவுடன் எழுதிய ஒப்பந்தத்தில், நீலம் அவுன்ஸுக்குச் சுமார் நான்கு ஃப்ளோரின் (அந்நகரத்துப் பொற்காசு) மதிப்புள்ளதாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது. மட்டமான நீலத்தைப் பூசி ஏமாற்றிவிடக் கூடாது என்ற கவலை அது. பல ஓவியர்கள் விலை குறைந்த அசுரைட் நீலத்தை அடியில் பூசி, மேலே மட்டும் லாபிஸைத் தீட்டினார்கள்.

விலை மட்டுமே காரணமாக இருந்திருந்தால், விலை விழுந்த அன்றே மாதாவை விட்டு நீலம் போயிருக்க வேண்டும். 1820களில் பிரான்சில் செயற்கையாக அதே நீலத்தைச் செய்துவிட்டார்கள். வெள்ளை வேட்டிக்கு நீலம் போடும் பொடி வரை அது மலிந்துவிட்டது. பிரான்சின் லூர்தில் மாதா காட்சி கொடுத்ததாகச் சொல்வது அதற்குப் பின், 1858இல். உங்கள் ஊர் மாதாவின் கச்சை இன்றும் நீலம்தானே?

மறைக்கல்வி வகுப்பில் படித்ததும் தவறில்லை. ஆனால் ‘இந்த வண்ணத்துக்கு இந்தப் பொருள்’ என்று அகராதி போட்டுக்கொண்டு படங்களைப் பார்த்தால் சீக்கிரமே சிக்கிக்கொள்வோம். பாதரசமும் கந்தகமும் சேர்த்துச் செய்த சாதிலிங்கச் சிவப்பு இயேசுவின் காயத்திலும் இருக்கும், நரகத்தின் தீயிலும் இருக்கும், சுவடியில் தலைப்பு எழுதவும் அதுவேதான். போதாக்குறைக்கு வண்ணங்கள் மாறியும் விடுகின்றன. இத்தாலியின் அசிசி பேராலயத்தில் ஓவியர் சிமபூவே 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வரைந்த சுவரோவியங்களில் ஈயவெள்ளை கறுத்துப்போய், ஒளி விழ வேண்டிய முகங்கள் இருண்டு கிடக்கின்றன. புகைப்பட நெகடிவ் பார்ப்பதுபோல இருக்கும். அந்தக் கறுப்புக்குப் பொருள் தேடி என்ன பயன்?

லண்டன் நேஷனல் கேலரியின் இணையதளத்தில் வில்டன் இரட்டைப் பலகை என்ற ஓவியத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இங்கிலாந்து அரசர் இரண்டாம் ரிச்சர்டுக்காக 1390களின் பின்பாதியில் வரைந்தது. அதில் நீலம் உடுத்தியிருப்பது மாதா மட்டுமல்ல. சுற்றி நிற்கும் 11 தேவதூதர்களுக்கும் அதே லாபிஸ் நீலம். உயர்ந்த நீலம் மாதாவுக்கு மட்டும் என்ற விதி அங்கே நிற்கவில்லை. மண்டியிட்ட அரசர் இன்னொரு பலகையில் சிவப்பும் பொன்னுமாக இருக்கிறார். இடையிலுள்ள சட்டத்தைத் தாண்டினால் வேறொரு அரசவை, அங்கே மாதாவுக்கும் தூதர்களுக்கும் ஒரே நிறம். நான் அதை அப்படித்தான் படிக்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு, ஆமாம், போயிருக்கின்றன. இந்திய அரக்கிலிருந்து எடுத்த சிவப்பு ஐரோப்பாவில் சாயமாகவும் வண்ணமாகவும் பயன்பட்டது. கேரளத்தில் குடிநீரில் போட்டுக் காய்ச்சும் பதிமுகக் கட்டையும் அப்படித்தான். கொல்லத்தில் கிடைக்கும் அந்தக் கட்டையையும் அவுரியையும் பற்றி மார்க்கோ போலோ சொல்லியிருக்கிறார். கட்டையைச் சீவி ஊறவைத்துப் படிகாரம் சேர்த்தால் இளஞ்சிவப்பு வண்ணம் கிடைக்கும். சுவடிகளில் அதை நிறையவே பயன்படுத்தினார்கள். வெளிச்சம் பட்டால் அது வெளுத்துவிடும், மூடியே கிடந்த ஏடுகளில் நன்றாகத் தங்கியிருக்கிறது.