பழைய சிஸ்டத்துல கேம் ஆடணும், எதுல காசு போடலாம்? கேளுங்க சொல்றேன்

வணக்கம் மக்களே. பழைய மெஷின பிரிச்சு மேய்ஞ்சு திரும்ப ஓட வைக்கிறதுதான் ரொம்ப வருஷமா நம்ம வேலை. அப்கிரேட் பண்ணலாமா இல்ல புதுசே வாங்கிடலாமான்னு நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க, எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் சொல்லிடலாம்னு உட்கார்ந்துட்டேன். கேக்கும்போது ப்ராசசர், ராம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்கு கரண்ட் குடுக்குற பெட்டி) எத்தன வாட்ஸ், என்ன மானிட்டர், என்ன கேம், இதெல்லாம் எழுதிடுங்க. "என் பிசி ஸ்லோவா இருக்கு"ன்னு மட்டும் எழுதுனா யாராலயும் சொல்ல முடியாது.

கேள்வி: அண்ணா, ஐ5 4460, 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ, ஹார்ட் டிஸ்க் மட்டும்தான் இருக்கு. 2014ல வாங்குனது. மானிட்டர் 1080பி. ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் மொத்தமா தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குடான்னு சொல்றாங்க. கையில அவ்ளோ காசு இல்ல.

பதில்: தூக்கிப் போட வேணாம் தம்பி. நான் எப்பவும் ஒரே ஒரு விஷயம்தான் பாப்பேன், இன்னைக்கு வாங்குற பார்ட் நாளைக்கு புது சிஸ்டம் போடும்போது கூட வருமா வராதா. எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா வர்ற வேகமான ஸ்டோரேஜ்) கூட வரும், நல்ல எஸ்எம்பிஎஸ் கூட வரும், கிராபிக்ஸ் கார்டு கூட வரும். அதுல போடுற காசு எங்கயும் போகாது. ஆனா உங்க போர்டுல ப்ராசசர் உக்கார்ற சாக்கெட் எல்ஜிஏ 1150, ராம் டிடிஆர்3, ரெண்டுமே பழைய வகை. இந்த ரெண்டுக்குன்னு வாங்குற எதுவும் வேற எங்கயும் சேராது. சில பேர் ஐ7 4790 தேடித் தேடி வாங்குறாங்க, அது 4 கோர் 8 த்ரெட் (ஒரே நேரத்துல 8 வேலை ஓட்டும்), உங்களோடது 4 கோர் 4 த்ரெட், அதனால கண்டிப்பா வித்தியாசம் தெரியும், இல்லன்னு சொல்லல. ஆனா அந்த சாக்கெட்டோட கிட்டத்தட்ட கடைசி ஸ்டாப் அதுதான், அதுக்கு மேல போக பெருசா இடம் கிடையாது. யாராவது சல்லிசா குடுத்தா போடுங்க, இல்லன்னா வேணாம்.

முதல்ல ஒரு சாட்டா (ஹார்ட் டிஸ்க் சொருகுற அதே கனெக்டர்) எஸ்எஸ்டி போடுங்க. ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100லருந்து 150 எம்பி வரைக்கும் படிக்கும், சாட்டா எஸ்எஸ்டி 500 தாண்டும், அதவிட முக்கியம் சின்னச் சின்ன ஃபைல் ஆயிரக்கணக்குல தேடி எடுக்குறதுல ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். இப்ப வர்ற பெரிய ஓபன் வேர்ல்டு கேம் எல்லாம் நீங்க நடக்க நடக்க மேப்ப டிஸ்க்லருந்து இழுத்துட்டே இருக்கும், ஹார்ட் டிஸ்க்ல அது தாங்காம நடுவுல நடுவுல ஒரு நொடி அப்படியே நிக்கும். எஸ்எஸ்டியால எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தன ஃபிரேம் வருதுங்குற கணக்கு) ஏறாது, ஆனா அந்த நிக்கிறது பெருமளவு போயிடும். கார்டா ப்ராசசரான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அடுத்த பதில்ல இருக்குற டெஸ்ட்ட ஒரு தடவ பண்ணிட்டு நம்பரோட வாங்க, பேசலாம்.

கேள்வி: எது தடுக்குது, கார்டா ப்ராசசரான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? டாஸ்க் மேனேஜர்ல சிபியு 40 சதவீதம்தான் காட்டுது, அப்போ ப்ராசசர் ஃப்ரீயாதானே இருக்கு?

பதில்: இல்லைங்க, இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. அந்த 40 எல்லா த்ரெட்டுக்கும் சேத்து போட்ட சராசரி. 8 த்ரெட் இருக்குற ப்ராசசர்ல ஒரு த்ரெட் முழுசா மூச்சு முட்டி ஓடுனாலும் மொத்தக் கணக்குல அது 12.5 சதவீதம்தான் காட்டும். கேம்ல பெரும்பாலும் ஒரே ஒரு முக்கியமான த்ரெட்தான் மத்ததெல்லாத்தையும் மேய்க்கும், அது திணறுனா மீதி ஏழும் சும்மா நின்னாலும் ஒண்ணும் பிரயோஜனம் இல்ல.

அதனால ப்ராசசர் நம்பர விட்டுட்டு கார்டு நம்பரப் பாருங்க. கேம் செட்டிங்ஸ்ல விசிங்க் (எஃப்பிஎஸ்ஸ மானிட்டர் வேகத்தோட கட்டிப் போடுறது) ஆஃப் பண்ணுங்க, எஃப்பிஎஸ் லிமிட் எதாவது போட்டிருந்தா எடுத்துடுங்க. கேம்ல கூட்டமா இருக்குற ஒரு இடத்துக்குப் போய் அசையாம நில்லுங்க, எஃப்பிஎஸ்ஸ குறிச்சுக்கோங்க. இப்போ ரெசல்யூஷன 1080பிலருந்து 720பிக்கு இறக்கிட்டு அதே இடத்துல, அதே பக்கம் பாத்து திரும்ப நில்லுங்க. எஃப்பிஎஸ் நல்லா ஏறுச்சுன்னா கார்டுதான் தடுத்துட்டு இருந்துருக்கு. அசையவே இல்ல, கார்டு யூசேஜும் 60, 70லயே கிடக்குதுன்னா ப்ராசசர் இல்லன்னா ராம் பக்கம் பிரச்சனை, அப்போ எவ்ளோ பெரிய கார்டு வாங்கிப் போட்டாலும் அதே நம்பர்தான் வரும். கார்டு யூசேஜ் 95க்கு மேலயே நின்னா கார்டு தன்னால முடிஞ்சத எல்லாம் குடுத்துட்டு இருக்குன்னு அர்த்தம். பத்து நிமிஷ வேலை, தயவுசெஞ்சு இத பண்ணாம காசு எடுக்காதீங்க.

டெஸ்ட் பண்ணும்போதே டெம்பரேச்சரையும் பாத்துடுங்க. ப்ராசசர் 95, 100 டிகிரி தொட்டா தன்னைக் காப்பாத்திக்க அதுவே வேகத்தக் குறைச்சுக்கும். வருஷக்கணக்கா திறக்காத கேபினெட்ல கூலர் ஃபின்னுக்கு நடுவுல தூசி கம்பளி மாதிரி படிஞ்சு கிடக்கும், அதத் தட்டி எடுத்துட்டு காஞ்சு போன தெர்மல் பேஸ்ட்ட மாத்துனதுமே "அண்ணா ஒண்ணும் வாங்க வேணாம்"னு திரும்பிப் போனவங்கள நான் நிறைய பாத்துருக்கேன்.

கேள்வி: ப்ரோ புது கார்டு போட்டேன், எஃப்பிஎஸ் கொஞ்சம்கூட ஏறல. டிவைஸ் மேனேஜர்ல கார்டு பேர் காட்டுது.

பதில்: சிஸ்டத்துக்குப் பின்னாடி போய்ப் பாருங்க ப்ரோ, எச்டிஎம்ஐ கேபிள் மேல யூஎஸ்பி எல்லாம் இருக்குற இடத்துல சொருகியிருக்கா? அது போர்டோட அவுட்புட். கீழ படுக்க வாக்குல இருக்குற கார்டோட போர்ட்ல சொருகுங்க. பத்துல நாலு பேருக்கு இதுதான், வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

கேள்வி: ஆபீஸ்ல கழிச்சுக் கட்டுன பிராண்டட் சிஸ்டம் ஒண்ணு கிடைச்சது. ஐ5 6500, ஒல்லியான கேபினெட், எஸ்எம்பிஎஸ் 240 வாட்ஸ்னு போட்டிருக்கு. என்ன கார்டு போடலாம்?

பதில்: நல்ல மெஷின்தான், ஆனா மூணு சுவர் இருக்கு. ஒண்ணு உயரம், ஒல்லி கேபினெட்ல லோ ப்ரொஃபைல் (உயரம் குறைஞ்ச) கார்டு மட்டும்தான் உள்ள போகும், வாங்குறதுக்கு முன்னாடி ஸ்கேல் வச்சு அளந்துடுங்க. ரெண்டாவது கரண்ட். இந்த மாதிரி எஸ்எம்பிஎஸ்ல கார்டுக்குன்னு தனி வயர் பொதுவா வராது, போர்டுல கார்டு சொருகுற ஸ்லாட்லருந்து கிடைக்குற 75 வாட்ஸ்தான். அதுக்குள்ள ஓடுறது ஜிடிஎக்ஸ் 1650ல பவர் வயர் கேக்காத மாடல், அப்புறம் 70 வாட்ஸ்ல ஓடுற ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. 8 ஜிபி 3050 வேற கார்டு, அது ஸ்லாட் கரண்ட்ல ஓடாது, பேரப் பாத்து மாத்தி வாங்கிடாதீங்க. மூணாவது, எஸ்எம்பிஎஸ்ஸ மாத்திடலாம்னு நினைப்பீங்க, ஆனா பிராண்டட் போர்டுல பல சமயம் பவர் கனெக்டரே அவங்க சொந்த டிசைன்ல இருக்கும், கடையில கிடைக்குற எஸ்எம்பிஎஸ்ஸோட 24 பின் கனெக்டர் சேராது.

ஆர்எக்ஸ் 6400னு ஒண்ணு கண்ணுல படும், அதுவும் சின்னது, வயர் வேணாம். ஆனா அது பிசிஐஇல (கார்டும் போர்டும் பேசிக்கிற பாதை) 4 லேன் மட்டும் எடுக்குற கார்டு. உங்க போர்டு பழைய தலைமுறை பிசிஐஇ 3.0, அதனால வழி பாதியா சுருங்கிடும், கார்டு மெமரியும் 4 ஜிபிதான், அது நிரம்பி வழியும்போது ரொம்பவே தடுமாறும். 3.0 போர்டுக்கு நான் அத சொல்ல மாட்டேன்.

கேள்வி: ரைசன் 5 1600, பி350 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4, ஆர்எக்ஸ் 580 8 ஜிபி. புது ஏஎம்5 சாக்கெட்டுக்கு, அதாவது புது போர்டு, ராம், ப்ராசசருக்கு மாறிடலாம்னு இருக்கேன்.

பதில்: மாறாதீங்க! இங்க வந்த கேள்விலயே எனக்கு சந்தோஷமான கேள்வி இதுதான். 2017ல வந்த அந்த போர்டுக்கு 2022ல வெளியான பயாஸ் (போர்டுக்குள்ளயே இருக்குற ஸ்டார்ட்-அப் சாப்ட்வேர்) அப்டேட்டால ரைசன் 5000 வரைக்கும் போட முடியுது. ரைசன் 5 5600 போட்டாலே போதும், வேற சிஸ்டம் மாதிரி இருக்கும். இன்னும் நல்லா வேணும்னா 5700 எக்ஸ்3டி, 5800 எக்ஸ்3டி, ரெண்டுலயும் 96 எம்பி எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளயே இருக்குற வேகமான மெமரி) இருக்கு, கேமுக்கு அது அவ்ளோ ஒத்துழைக்கும். இந்த எக்ஸ்3டி ரெண்டையும் இப்ப பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட்லதான் தேடணும். போர்டு, ராம் ரெண்டும் அப்படியே இருக்கும், 2025 கடைசிலருந்து ராம் விலை ஏறி நிக்குறப்போ கையில இருக்குற டிடிஆர்4ஐ வச்சு ஓட்டுறது பெரிய லாபம்.

ஆனா வரிசை முக்கியம். போர்டு கம்பெனியோட சப்போர்ட் பக்கத்துல உங்க மாடலுக்கு 5000 லிஸ்ட் ஆகியிருக்கான்னு பாத்துட்டு, பழைய 1600 உள்ள இருக்கும்போதே பயாஸ் அப்டேட் பண்ணணும், அப்புறம்தான் புது ப்ராசசர். முதல்லயே மாத்துனீங்கன்னா ஸ்கிரீன் கறுப்பாவே இருக்கும். அப்டேட் ஓடும்போது கரண்ட் போச்சுன்னா போர்டு போயிடலாம், யுபிஎஸ் இருந்தா அதுல போட்டுப் பண்ணுங்க. பயாஸ் உள்ள போனதும் எக்ஸ்எம்பி (ராம முழு வேகத்துல ஓட வைக்கிற செட்டிங்) ஆன்ல இருக்கான்னு பாருங்க, 3200 ராம் வாங்கிட்டு வருஷக்கணக்கா 2133லயே ஓட்டிட்டு இருக்குறவங்க எக்கச்சக்கம், ரைசனுக்கு ராம் வேகம் ரொம்பத் தேவை. கார்டு அடுத்த கட்டம், இப்போ அவசரம் இல்ல.

கேள்வி: அண்ணா லேப்டாப்ல ஜிடிஎக்ஸ் 1050 இருக்கு, 1660 மாத்த முடியுமா? 8 ஜிபி ராம் ஒரே ஸ்டிக்.

பதில்: முடியாதுப்பா, போர்டோட சேத்து சால்டர் பண்ணியிருப்பாங்க. உங்களால ஆகுறது இன்னொரு 8 ஜிபி ஸ்டிக், எஸ்எஸ்டி, ஃபேன் சுத்தம் பண்ணி பேஸ்ட் மாத்துறது. ரெண்டு ஸ்டிக் போட்டா டூயல் சேனல்ல, அதாவது ஒரே நேரத்துல ரெண்டு பாதையில ஓடும், அது நல்ல பலன் குடுக்கும். அதுக்கு மேல லேப்டாப்புல செலவு வேணாம்.

கேள்வி: ஐ7 3770, 16 ஜிபி, ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி. வேலரன்ட்தான் அதிகமா ஆடுறேன். விண்டோஸ் 10லயே இருக்கேன், பிரச்சனை வருமா?

பதில்: கேமோட பாரத்த உங்க மெஷின் தாங்கும், சுத்தி இருக்குறதுதான் ஒவ்வொண்ணா கை விடுது. விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11 இன்டெல்ல 8ஆவது ஜெனரேஷன்லருந்துதான், டிபிஎம் 2.0ங்குற பாதுகாப்பு வசதியும் கேக்கும். குறுக்கு வழில 11 ஏத்துறவங்க இருக்காங்க, ஆனா 11ல வேலரன்ட் டிபிஎம், செக்யூர் பூட் (சிஸ்டம் ஆன் ஆகும்போது நம்பகமான சாப்ட்வேர் மட்டும் ஏறுதான்னு பாக்குறது) ரெண்டையும் பாக்கும், அதனால உங்களுக்கு அது உதவாது. 3770ல ஏவிஎக்ஸ்2ங்குற ப்ராசசர் கட்டளைத் தொகுப்பும் இல்ல, அது அடுத்த ஜெனரேஷன்ல, 2013லதான் வந்துச்சு, சில புது கேம் அது இல்லாம திறக்கவே மாட்டேங்குது. 1060க்கும் என்விடியா புது கேமுக்கான டிரைவர 2025 அக்டோபரோட நிறுத்திட்டாங்க, இனி பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரைக்கும் வரும். அதனால இந்த போர்டுல ஒத்தப் பைசா போடாதீங்க. 1060ஐ கழட்டி பத்திரமா வச்சுக்கிட்டு போர்டு, ப்ராசசர், ராம் மூணையும் சேத்து மாத்துங்க, வேலரன்ட்டுக்கு அந்த கார்டே தாராளம்.

கேள்வி: சார், பையன் கேம் ஆட கார்டு வாங்கிக் குடுன்னு அடம் பிடிக்கிறான். வீட்ல இருக்குறது கோர் 2 டுவோ, 4 ஜிபி. எனக்கு இதெல்லாம் தெரியாது, கார்டு மட்டும் வாங்குனா போதுமா?

பதில்: போதாதும்மா. அந்த ப்ராசசர் ரொம்பப் பழசு, இப்ப வர்ற கேமுக்கு வேணுங்குற சில கட்டளைகளே அதுக்குத் தெரியாது, எந்த கார்டு போட்டாலும் பல கேம் திறக்காது. பையன உட்கார வச்சு எந்த கேம் ஆடணும்னு நாலு பேர் எழுதி வாங்கிட்டு வாங்க. அத வச்சு எவ்ளோ பவர் போதும்னு நான் சொல்றேன், தேவைக்கு மேல ஒரு ரூபாகூட போக வேணாம். அதுவரைக்கும் அந்த மெஷின்ல பழைய கேம், சின்ன 2டி கேம் எல்லாம் நல்லாவே ஓடும்.

கேள்வி: கேபினெட்டோட ஃப்ரீயா வந்த 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் இருக்கு. ஆர்டிஎக்ஸ் 3060 தாங்குமா?

பதில்: வேணாம். 3060 எடுக்குறது 170 வாட்ஸ்தான், ஆனா என்விடியாவே 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் சொல்றாங்க. கேபினெட்டோட வர்றதுல ஸ்டிக்கர்ல இருக்குற நம்பர நம்ப முடியாது, 12 வோல்ட்ல எத்தன ஆம்பியர்னு லேபிள்ல பாருங்க, அதுதான் கார்டுக்கும் ப்ராசசருக்கும் போற கரண்ட். மாடுலர் (கேபிள கழட்டி மாட்டுற மாதிரி வர்ற) எஸ்எம்பிஎஸ் வாங்குனா பழசோட கேபிள புதுசுல சொருகாதீங்க, நுனி ஒரே மாதிரி இருந்தாலும் உள்ள பின் வரிசை கம்பெனிக்கு கம்பெனி மாறும். நானே ஒரு தடவ அவசரத்துல பழைய சாட்டா கேபிளயே விட்டுட்டு புது யூனிட்ட ஆன் பண்ணிட்டேன். ஒரு சின்ன பட் சத்தம், எரிஞ்ச வாசனை, ஒருத்தரோட எட்டு வருஷ போட்டோ இருந்த ஹார்ட் டிஸ்க் அங்கயே போச்சு. இன்னைக்கும் அவர் முகம் கண்ணு முன்னாடி நிக்குது. எஸ்எம்பிஎஸ் மாத்துனா கேபிள் மொத்தமும் மாத்துங்க.

கேள்வி: அண்ணா, முதல்ல கேட்ட ஐ5 4460 நான்தான். டெஸ்ட் பண்ணிட்டேன். 1080பில 31, அதே இடத்துல 720பில 54. கார்டு 99லயே நிக்குது.

பதில்: அருமை தம்பி, இப்போ கண்ண மூடிட்டு கார்டுன்னு சொல்லலாம். ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி பாருங்க, 132 வாட்ஸ்தான், 8 லேன் எடுக்கும், உங்க போர்டு ஸ்லாட் 3.0வா இருந்தா பெருசா அடி வாங்காது. உங்க ப்ராசசர் புது கேம்ல அத முழுசா ஓட விடாது, அது தெரிஞ்சே வாங்குங்க, புது போர்டு போடுற அன்னைக்கு மீதி பலன் கிடைக்கும். எஸ்எம்பிஎஸ் நல்லதா இல்லன்னா அதுவும் கூடவே. ஒண்ணு மட்டும் பாத்துடுங்க, உங்க மானிட்டர்ல விஜிஏ போர்ட் மட்டும்தான் இருக்குன்னா இந்த கார்டுல அது இல்ல, டிஸ்ப்ளேபோர்ட்லருந்து விஜிஏ மாத்துற ஆக்டிவ் கன்வர்ட்டர் வேணும். கார்டு போட்டதும் அதே இடத்துல போய் நின்னு அந்த நம்பரையும் எழுதுங்க, 54 தாண்டி எங்க போய் நிக்குதுன்னு பாத்துட்டு ப்ராசசரப் பத்தி பேசுவோம்.